ஜான் ரேங்கின் நாடகம் எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பிரதியைப் படித்தேன். வசனம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் திரை விலகியதுமே, அமெரிக்காவில் தப்பியோடும் அடிமைகளுக்கு அடைக்கலம் கொடுத்த போதகர் ரேங்கின், அவர்களுக்கு வழிகாட்ட ஜன்னலில் விளக்கேற்றி வைக்கிறார். அதற்கு முந்தைய கதையை விட்டால் அவர் வெறும் விளக்குக்காரராகிவிடுவார்.

1793இல் டென்னசி மாநிலத்தில் பிறந்த, பிரெஸ்பிடீரியன் என்ற புராட்டஸ்டன்ட் சபையின் போதகர் அவர். பிரசங்கத்தில் அடிமைமுறையைக் கண்டித்ததும், இனியும் இப்படிப் பேசுவதானால் மாநிலத்தை விட்டே போய்விடும்படி சபை மூப்பர்கள் சொல்லிவிட்டார்கள். கென்டக்கியில் சில வருஷம் இருந்துவிட்டு, 1822 தொடக்கத்தில் ஒஹாயோ ஆற்றங்கரையில் ரிப்லி ஊருக்கு வந்து சேர்ந்தார். இதற்கு ஒரு காட்சி போதும்.

கனமான காட்சி அடுத்ததுதான். வர்ஜீனியாவில் வியாபாரம் செய்துவந்த உடன்பிறந்தவர் தாமஸ் அடிமைகளை வாங்கிவிட்டார் என்று தெரியவருகிறது. ரேங்கின் கடிதம் எழுத உட்காருகிறார். ஒன்றல்ல, வரிசையாக. அடிமைமுறைக்குப் பைபிளைத் துணைக்கழைத்தவர்களின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கிறார். உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த அந்தக் கடிதங்கள் 1826இல் புத்தகமாயின. தாமஸ் பின்னாளில் தன் அடிமைகளை விடுவித்தார். தாமஸுக்கு வசனமே எழுதாதே. கடையின் கணக்கு நோட்டின்மேல் கடிதம் பிரிந்து கிடக்கட்டும்.

இனி திருத்தவேண்டியவை. தப்பி வருபவர்களை அழைத்துவர, அடிமைமுறை இருந்த கென்டக்கிக் கரைக்கு ரேங்கின் படகோட்டிப் போவதாக எழுதியிருக்கிறாய். அது ஜான் பார்க்கர் செய்த வேலை. தானே அடிமையாக இருந்து, விலை கொடுத்து விடுதலை பெற்று, ரிப்லியில் இரும்பு வார்ப்படப் பட்டறை நடத்தியவர். 1838 குளிர்காலத்தில் கைக்குழந்தையோடு ஆற்றைக் கடந்த பெண்ணைக் கெட்டிப் பனியில் நடக்கவிட்டிருக்கிறாய். உருகி உடையும் பனியாக இருந்தால்தான் துரத்தி வந்தவன் ஏன் கரையிலேயே நின்றுவிட்டான் என்று புரியும்.

பெரிய பிழை, கரையேறியதும் விடுதலைப் பாட்டு. ஒஹாயோவில் அடிமைமுறை இல்லைதான். ஆனால் தப்பியவரை அங்கும் பிடித்துக்கொண்டு போக, நாடு முழுமைக்குமான 1793 சட்டமே இடம் கொடுத்தது. 1850இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தபின், அடைக்கலம் கொடுத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அதனால் குன்றின்மேல் இருந்த ரேங்கின் வீடு ஒரு நிறுத்தம்தான்; அடுத்த வீட்டுக்கு இருட்டோடு அனுப்பவேண்டும். பாட்டைத் தூக்கிவிட்டு, குதிரைக்குச் சேணம் போடும் ஒரு மகனை வை. ரேங்கினுக்குத்தான் 13 பிள்ளைகளாயிற்றே.

மனைவி ஜீன் பிரதியில் எங்கே? நடுராத்திரியில் நனைந்து வந்தவர்களுக்கு அடுப்பு மூட்டி, சாப்பாடு போட்டது யாராம்?

அன்புடன்,
அண்ணன்