கடலையை மலையிறக்கும்போது

அன்புள்ள தாயிக்கு,

சாமான் கட்டுகிற சத்தத்தில் போனில் நான் சொன்னதில் பாதி உன் காதில் விழவில்லை. அதனால் எழுதி அனுப்புகிறேன். பீரோவும் கட்டிலும் எப்படியும் போடிக்கு வந்து சேர்ந்துவிடும். பாப்பாவின் செல்ல எலிக்குத்தான், அதுதான் கடலை என்று பேர் வைத்திருக்கிறாளே அந்த ஹாம்ஸ்டருக்குத்தான், யோசனை வேண்டும்.

மூணாறில் விடிகாலை ஸ்வெட்டர் போடுகிறீர்கள், இங்கே மே மாத மதியம் 37 டிகிரி. சுமார் 70 கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கி வரப்போகிறது கடலை. அதற்கு ஒத்துக்கொள்வது 18 முதல் 24 டிகிரி வரைதான். 30-ஐத் தாண்டினால் ஆபத்து. உடம்பில் வியர்வை கிடையாது. வீடுகளில் வளர்கிற பொன்னிற ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை, 1930-ல் சிரியாவின் அலெப்போ பக்கம் வயலைத் தோண்டி எடுத்த ஒரு தாயும் குட்டிகளுமாக வந்த வம்சம். வளை எட்டடி ஆழத்தில் இருந்ததாம். மேலே வெயில் கொளுத்தினாலும் கீழே இருட்டு, குளிர்ச்சி, தன் வாசனை. வழி முழுக்க இந்த மூன்றும் அதற்குக் கிடைக்க வேண்டும்.

உன் சுத்தம் எனக்குத் தெரியும். புது வீட்டுக்குப் போகிறோம் என்று முதல் நாளே கூண்டைச் சோப்புப் போட்டுக் கழுவிப் பளபளவென்று வைப்பாய். வேண்டாம். அதற்குக் கண் மங்கல். மூக்கை வைத்துத்தான் இடத்தை அறியும். கழுவுவதானால் ஒரு வாரம் முன்பே கழுவிவிடு. கிளம்பும் அன்று மூத்திரம் நனைந்த மூலையை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு, அது கூடு கட்டியிருக்கும் பழைய காகிதத் துருவலில் இரண்டு கைப்பிடி பயணப் பெட்டியில் போடு. மிச்சத்தை ஒரு பையில் கட்டிக்கொள், இங்கே வந்ததும் கூண்டுக்கே போகட்டும்.

பெட்டி கெட்டி பிளாஸ்டிக்காக, ஓரடி நீளத்தில், மூடி இறுகப் பூட்டுவதாக இருக்கட்டும். காற்றுத் துளைகள் பக்கவாட்டிலும் வேண்டும், ஆனால் தலை நுழையும் அளவுக்குப் பெரிதாக இருக்கக்கூடாது. அட்டைப்பெட்டி ஆகாது, பூப்பாறை வருவதற்குள் கடித்து வெளியே வந்துவிடும், பிறகு சீட்டுக்கடியில் தேடு. அடியில் நாலு விரல் உயரத்துக்குத் துருவல், மேலே வாசனை போடாத டிஷ்யூவைக் கிழித்துப் போடு. பஞ்சு வைக்காதே, காலில் சுற்றிக்கொள்ளும். சக்கரம், பீங்கான் கிண்ணம் எதுவும் உள்ளே வேண்டாம். போடிமெட்டுக்குக் கீழே 17 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் இவை உருண்டு வந்து கடலையை அடிக்கும். தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான்: வண்டி குலுங்கக் குலுங்கச் சொட்டிக்கொண்டே இருக்கும், துருவல் ஊறும், உடம்பு நனைந்து குளிர் பிடிக்கும். பதிலுக்கு விரல் கன வெள்ளரித் துண்டு ஒன்று போதும்.

பெட்டியை நாலு நாள் முன்பே கூண்டுக்குள் திறந்து வைத்து, சூரியகாந்தி விதை ரெண்டு போட்டுப் பழக்கிவிடு. விடிகாலையில் அது விழித்துத்தான் இருக்கும், தானே உள்ளே போகும். தூங்குவதை எழுப்பித் தூக்கினால் கடிக்கும்.

ஆறு மணிக்குக் கிளம்புங்கள். அதற்கு முன் வேண்டாம், ஆனையிறங்கல் பக்கம் இருட்டில் யானை நிற்கும். ஒன்பதுக்குள் வெயில் ஏறுமுன் இங்கே வந்துவிடலாம். சாமானோடு குட்டி யானை வண்டியில் ஏற்றாதே, காரின் டிக்கியிலும் வைக்காதே. முன்சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கிற இடத்தில், ஆடாமல் துண்டைச் சுற்றி அடைத்து வை. மேலே மெல்லிய துணி, ஒரு பக்கம் காற்றுக்குத் திறந்திருக்கட்டும். ஏசிக் காற்று நேராகப் படக்கூடாது. மெட்டில் டீ குடிக்க இறங்கினால் ஒருவர் வண்டியிலேயே இருக்க வேண்டும். கண்ணாடி ஏற்றிய கார் நிழலில்கூடக் கொதித்துவிடும். முந்தின இரவே ஒரு பாட்டில் தண்ணீரை உறைய வைத்து, துண்டில் சுற்றி எடுத்துக்கொள். தேவைப்பட்டால் பெட்டிக்கு வெளியே, ஒரே பக்கம் ஒட்டி வை. பிடிக்காவிட்டால் அது தள்ளிப் படுக்க இடம் வேண்டும்.

சும்மா கைகால் நீட்டிப் படுத்தால் பயமில்லை. எச்சில் ஒழுகித் தாடை நனைந்து, தொட்டாலும் அசையாமல் கிடந்தால் வெயில் தாக்கிவிட்டது என்று அர்த்தம். ஐஸ் தண்ணீரில் முக்கிவிடாதே, அதிர்ச்சியிலேயே போய்விடும். சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் பாதத்தையும் ஒற்றி எடுத்து, நேரே டாக்டரிடம் போ. கிளம்புவதற்கு முன்பே போடியிலோ தேனியிலோ முயல், எலி பார்க்கிற கால்நடை டாக்டர் யார் என்று விசாரித்து நம்பரை வாங்கி வை. மாடு மட்டும் பார்க்கிறவரிடம் போய் நின்று நேரத்தை விடாதே.

கூண்டு வைக்க நடு அறைதான் சரி. மாடி அறையில் மொட்டைமாடிச் சூடு நேராக இறங்கும். இங்கே எறும்பு ஜாஸ்தி. மேசைக் கால் நாலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திவிடு. எறும்புச் சாக்கட்டி பக்கத்திலேயே வேண்டாம், கொசுவத்தியும் அந்த அறையில் கூடாது. குட்டி மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து, வாயோரம் உடைத்துத் தேய்த்து வழி விட்டால் மதியத்துக்குக் குளுகுளு என்றிருக்கும். சக்கரம், வீடு, கிண்ணம் எல்லாம் பழைய கூண்டில் இருந்த மூலைகளிலேயே இருக்கட்டும். தீனியையும் இப்போது மாற்றாதே.

பாப்பாவிடம் சொல்லிவிடு: மூன்று நாள் கையில் எடுக்கக்கூடாது. சாயங்காலம் தீனி வை, காலையில் குறைந்திருக்கிறதா என்று பார். பின்பக்கம் ஈரமாக ஒட்டிப்போய் நாற்றம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதே. இடம் மாறின மிரட்சியில் வருகிற பேதி அது, குட்டி வயசு ஹாம்ஸ்டரை ரெண்டே நாளில் கொண்டுபோய்விடும்.

தேவிகுளம் தாண்டும்போது ஒரு போன் போடு. அப்புறம் டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். மாப்பிள்ளையை வளைவில் மெதுவாக ஓட்டச் சொல்.

அம்மா
போடி