பதினாறு வயதுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவே

அகில இந்திய டென்னிஸ் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், மாநிலச் சங்கங்களை நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

தென் மாவட்டம் ஒன்றில் டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறவன் நான். பத்து வயதில் ஒரு கிளப்பில் பந்து பொறுக்கப் போனேன். பிறகு கிளப் உறுப்பினர்களோடு ஆடிக்கொடுக்கும் மார்க்கர் ஆனேன், அப்புறம் கோச். முப்பது வருஷமாக விடியற்காலை நாலரைக்கு மண் கோர்ட்டுக்குத் தண்ணீர் விட்டு, ரோலர் இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டுத்தான் என் நாள் தொடங்குகிறது. அந்த உரிமையில், ஒற்றையர் டென்னிஸில் நம் பிள்ளைகள் ஏன் மேலே வருவதில்லை என்பதைப் பற்றி எழுதுகிறேன்.

போன மாதம் என்னிடம் படித்த பையன் ஒருவன் தன் ராக்கெட் பையைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தான். வயது பத்தொன்பது. "சின்னப் பசங்க யாருக்காவது குடுத்துடுங்க சார்" என்றான். உள்ளே மூன்று ராக்கெட். ஒன்றில் கட், அதாவது ராக்கெட் நரம்பு, அறுந்து கிடந்தது, அதை மாற்றக்கூட இல்லை. அவன் அப்பா டயர் ரீட்ரெடிங் கடை வைத்திருக்கிறார். மகன் போட்டிக்குப் போகும்போதெல்லாம் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கணக்கு எழுதுவார். ஒரு வாரத்துக்கு ஒரு பக்கம்: தட்கல் டிக்கெட் இரண்டு பேருக்கு, லாட்ஜ் நாலு நாள், சாப்பாடு, கட் இரண்டு செட், பந்து ஒரு டப்பா, ஆட்டோ. எதிர்ப்பக்கத்தில் 'வரவு' என்று கோடு போட்டு வைத்திருந்தார். பெரும்பாலான பக்கங்களில் அந்தக் கோட்டுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

பதினெட்டு வயதுக்குட்பட்டோர் பிரிவில் நாட்டில் நல்ல இடத்தில் இருந்த பையன் அவன். ஜூனியரை முடித்துவிட்டு, ஆண்கள் தொழில்முறை டென்னிஸின் கீழ்ப்படியான எம்15 போட்டிகளுக்குப் போனான். அந்தப் போட்டி எப்படி என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், இருந்தாலும் பெற்றோர்கள் படிக்கட்டும் என்று சொல்கிறேன். மொத்தப் பரிசுத் தொகையே 15,000 டாலர்தான். கோப்பையை ஜெயிக்கிறவனுக்கே இரண்டாயிரம் டாலரும் கொஞ்சமும்தான். மெயின் ட்ரா என்கிற பிரதானப் போட்டியில் முதல் சுற்றில் தோற்றால் இருநூறு டாலர்கூடத் தேறாது. அதற்குள் நுழைவதற்கான குவாலிஃபையிங்கில் தோற்றால் ஒரு பைசா கிடையாது. மெயின் ட்ராவில் ஒரு மேட்ச் ஜெயித்தால் ஒரே ஒரு ஏடிபி பாயின்ட், அதாவது ஆண்கள் உலகத் தரவரிசைக்கான புள்ளி. அப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தான் மேல்படியான சேலஞ்சர் போட்டிகளுக்கு ஏற வேண்டும். அதற்கும் மேலே, ஏறக்குறைய நூறாவது இடத்துக்குள் வந்தால்தான் விம்பிள்டன் மாதிரி கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் நேரடியாக ஆடலாம்.

எத்தனை திறமை இருந்தாலும் இந்த ஏணியில் ஏற ஐந்தாறு வருஷம் ஆகும். பதினாறு வயதிலிருந்து இருபத்திரண்டு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் அந்த வருஷங்களைத் தாங்குவது ஒரு தகப்பனுடைய கடையும் ஒரு தாயுடைய நகையும்தான். இதுதான் என் ஒரே குற்றச்சாட்டு.

இந்தியர்களுக்கு உடம்பு போதாது என்று சங்கக் கூட்டங்களிலேயே பேசக் கேட்டிருக்கிறேன். அர்ஜென்டினாவின் டியேகோ ஷ்வார்ட்ஸ்மன் 170 செ.மீ. உயரம், உலகின் எட்டாவது இடம் வரை போனார். ஜப்பானின் நிஷிகோரி 178 செ.மீ., நாலாவது இடத்துக்கு வந்தார். பதினாலு வயதிலேயே ஒரு நிதியின் உதவியோடு ஃப்ளோரிடாவுக்குப் போய்ப் பயிற்சி எடுத்தவர் அவர். திறமை இல்லை என்கிற பேச்சும் நிற்காது. ராமநாதன் கிருஷ்ணன் 1954-லும், ரமேஷ் கிருஷ்ணன் 1979-லும், லியாண்டர் பயஸ் 1990-லும் ஜூனியர் விம்பிள்டனை ஜெயித்தார்கள். யூகி பாம்ப்ரி 2009-ல் ஜூனியர் ஆஸ்திரேலிய ஓப்பனை ஜெயித்தார், ஜூனியரில் உலகின் முதல் இடத்தில் இருந்தார். பதினேழு வயது வரைக்கும் நம் பிள்ளைகள் உலகத்தோடு சரிசமமாக ஓடியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பயஸ் ஒற்றையரில் எட்டியது 73-வது இடம். காயங்களோடு போராடிய யூகி எட்டியது 83.

பெரிய கிருஷ்ணன் 1960-லும் 61-லும் விம்பிள்டன் அரையிறுதி ஆடினாரே, இப்போது ஏன் முடியவில்லை என்று கேட்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அன்று நான்கு கிராண்ட்ஸ்லாமில் மூன்று புல்தரையில் நடந்தன. கை லாவகம் உள்ளவன் அங்கே பிழைத்துக்கொள்ளலாம். அமெரிக்க ஓப்பன் 1978-லும் ஆஸ்திரேலிய ஓப்பன் 1988-லும் ஹார்ட் கோர்ட்டுக்கு மாறின. பின்கோட்டில் நின்று மூன்று நாலு மணி நேரம் பலமாக அடிக்கிற ஆட்டம் வந்துவிட்டது. அதற்கு உடம்பைத் தயார்செய்ய ஃபிட்னஸ் டிரெய்னர், பிசியோ, கூடவே பயணம் செய்யும் கோச் எல்லாம் வேண்டும். ஆட்டம் மாறியபோது செலவும் மாறியது. நாம் மாறவில்லை. 1989-ல் ரமேஷ், அப்போது முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை ஆஸ்திரேலிய ஓப்பனில் தோற்கடித்தார். அதற்குப் பிறகு ஒரு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் சீடிங் பெற்ற, அதாவது போட்டியின் முன்னணி வரிசையில் வைக்கப்பட்ட, வீரரை ஓர் இந்தியர் வெல்ல 2024 வரை ஆனது. வென்றவர் சுமித் நாகல். அதற்கு நாலு மாதம் முன்புதான், தன் வங்கிக் கணக்கில் 900 யூரோ இருக்கிறது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அப்போது நாட்டின் முதல் நிலை வீரர் அவர்! அதே 2024-ல் 68-வது இடம் வரை ஏறினார், பிறகு அவரும் நூறுக்கு வெளியே போய்விட்டார்.

நம் நாட்டில் மேலே வந்த வீரர்கள் அந்த இடைப்பட்ட வருஷங்களை எங்கே கழித்தார்கள் என்று பாருங்கள். பிரஜ்னேஷும் நாகலும் ஜெர்மனியில். ராம்குமார் பார்சிலோனாவில். சோம்தேவ் அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில். கோயம்புத்தூர்ப் பெண் மாயா ராஜேஸ்வரன் இப்போது ஸ்பெயினில் நடாலின் அகாடமியில். 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில், நாடுகளுக்கிடையேயான டேவிஸ் கோப்பையில் நம்மை வெல்ல வைத்த தக்‌ஷினேஸ்வர் சுரேஷ் மதுரைக்காரர். தரவரிசையில் அறுநூறுக்கும் கீழே இருந்தவர், தன்னைவிட நானூறு இடத்துக்கு மேல் முன்னால் இருந்த சுவிஸ் வீரரை நேர் செட்டில் வென்றார். அந்த மேட்சைப் பார்த்து எங்கள் கோர்ட்டில் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். அவரை வளர்த்தெடுத்ததும் அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ்தான். வெளிநாடு போக வழி இருந்தவர்கள் பிழைத்தார்கள். வழி இல்லாதவன் ராக்கெட் பையைக் கொண்டுவந்து பெஞ்சில் வைக்கிறான்.

இத்தாலியைப் பாருங்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் ஆண்கள் டென்னிஸில் அவர்களை யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2023-லும் 2024-லும் டேவிஸ் கோப்பை அவர்களுக்கே. வருஷத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட சேலஞ்சர் போட்டிகளைத் தங்கள் ஊர்களிலேயே நடத்துகிறார்கள். அங்கே ஒரு பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கார் ஏறினால் போட்டிக்குப் போய்விடலாம். அதோடு அவர்கள் சங்கம், பிள்ளைகளைச் சொந்தக் கோச்சிடமிருந்து பிரித்து எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களின் நட்சத்திர வீரர் சின்னர் தனியார் அகாடமியில்தான் வளர்ந்தார். கோச் யாராக இருந்தாலும் சரி என்று சங்கம் கைகொடுத்தது. இந்த மனசு நமக்கு வர வேண்டும்.

வெளிநாடு எதற்கு, நம் ஊர் செஸ் இருக்கிறது. 1988-ல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார், 2024-ல் குகேஷ் உலக சாம்பியன். நடுவில் ஊர் ஊராக ரேட்டிங் போட்டிகள் நடந்தன. பஸ் ஏறிப் போய் ஆடிவிட்டு ராத்திரி வீடு திரும்பலாம். டென்னிஸுக்குச் செலவு அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டுப் பக்கத்தில் போட்டி என்பது அதற்கும் பொருந்தும்.

நம்மிடம் இருந்ததையும் விட்டோம். நுங்கம்பாக்கத்தில் 1997 முதல் 2017 வரை ஏடிபி போட்டி நடந்தது. 2009-ல் வைல்டு கார்டில், அதாவது போட்டி நடத்துகிறவர்கள் கொடுத்த சிறப்பு அனுமதியில், நுழைந்த சோம்தேவ் அங்கேதான் இறுதிப்போட்டி வரை போனார். சொந்த மண்ணில் ஒரு வாய்ப்புக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? அந்தப் போட்டி புனேவுக்குப் போனது, 2023-உடன் நாட்டை விட்டே போனது. 2024-ல் சங்கத் தேர்தல் விவகாரத்துக்காக அதே சோம்தேவ் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. நீங்கள் கோர்ட்டுப் படியேறிக்கொண்டிருந்த நாட்களில் இங்கே எங்கள் கோர்ட்டில் ஒரு பையன் ஆட்டத்தை விடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

நான் கேட்பது பெரிய ஸ்டேடியம் இல்லை. மதுரை, திருநெல்வேலி, திருச்சி, கோயம்புத்தூர், பெங்களூரு என்று ஓர் இரவு ரயில் தூரத்துக்குள் தொடர்ந்து ஆறு வாரம் எம்15 போட்டிகளும், பெண்களுக்கு அதே மாதிரி ஆறு வாரமும் காலண்டரில் போடுங்கள். ஒரே பயணத்தில் ஆறு போட்டி ஆடிவிடலாம், லாட்ஜ் வாடகை பாதியாகும். ஜூனியரை முடிக்கும் நல்ல பிள்ளைகளை, ஆணும் பெண்ணுமாக, ஒவ்வொரு வருஷமும் தேர்ந்தெடுத்து, நாலு வருஷத்துக்குப் பயணச் செலவையும் பிசியோ செலவையும் சங்கம் ஏற்கட்டும். யாரைத் தேர்ந்தெடுத்தீர்கள், எதற்காக, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று வருஷா வருஷம் வெளியிடுங்கள். அந்த டயர் கடைக்காரர் நோட்டில் எழுதிய மாதிரி எழுதினாலே போதும்.

என்னிடம் இப்போது பதினாலு வயதில் ஒரு பெண் பிள்ளை ஆடுகிறாள். இடது கை. அவள் அடிக்கிற சர்வை எடுக்க என்னிடம் ஆடும் பெரிய பையன்களே திணறுகிறார்கள். அந்தப் பையனின் ராக்கெட்டுகளில் ஒன்றுக்குப் புதுக் கட் போட்டு அவளிடம் கொடுத்திருக்கிறேன். இன்னும் இரண்டு வருஷத்தில் அவளுக்குப் பதினாறு ஆகிறது. அதற்குள் உங்கள் காலண்டரை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மாவட்ட டென்னிஸ் பயிற்சியாளர் ஒருவர்