ஃப்ரிட்ஜ் மேல் வைத்த கவர்

அருப்புக்கோட்டை
மாசி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

தாயி, இங்கே எல்லோரும் சுகம். பார்சலில் சேவு ஒரு கிலோ இருக்கிறது. பாதியை உன்கூடத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்குக் கொடு. பருப்புப் பொடியும் இருக்கிறது, உன் அம்மா இந்தத் தடவை பூண்டு தூக்கலாகப் போட்டிருக்கிறாள். பின்வாசல் வேம்பை வெட்டவில்லை, கிளையை மட்டும் கழித்துவிட்டோம். தம்பி கடையில் ஒழுங்காக உட்காருகிறான். மற்ற ஊர்ச் சேதியெல்லாம் போனில் சொல்கிறேன். போனில் சொல்ல முடியாததைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ பொங்கலுக்கு வந்துவிட்டுப் போன மறுநாள் உன் அம்மா உன் மெத்தையைத் தட்டிப் போட்டாள். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவில் மூன்று காலி மாத்திரை அட்டை கிடந்தது. குப்பையில் போடப் போனவளிடம் வாங்கிக்கொண்டேன். 1993-ல் மருந்துக்கடை போட்டதிலிருந்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்த கை, சும்மா இருக்கவில்லை.

ஒன்று மாதாமாதம் வருகிற வயிற்றுவலிக்குப் போடுவது, மெஃபெனமிக் ஆசிட்டும் டைசைக்ளோமினும் சேர்ந்தது. இன்னொன்று ஐபுப்ரோஃபெனும் பாரசிட்டமாலும் சேர்ந்தது. மூன்றாவது பேன்டோப்ரஸோல் 40. நீ வீட்டில் இருந்தது ஐந்தே நாள். எல்லாவற்றையும் இங்கே வைத்து விழுங்கியிருக்க மாட்டாய், பாதி அங்கிருந்தே கொண்டு வந்ததாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். முதல் இரண்டு அட்டையைப் பார்த்துக் கவலைதான் பட்டேன். மூன்றாவதைப் பார்த்துத்தான் பயந்தேன். வயிறு எரியாத பிள்ளை காஸ் மாத்திரை வாங்காது. பெரியத்தைக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. அன்றைக்கு விடிகாலையில் என்ன நடந்தது என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை, வாளியைத் தூக்கினது நீதான்.

மூன்று தடவை போனை எடுத்தேன். "சாப்பிட்டியா"வென்று கேட்டேன், "வேலை அதிகமா"வென்று கேட்டேன், வைத்துவிட்டேன். "பொம்பளைப் பிள்ளை சமாச்சாரம், அதை ஏன் நீங்க கேக்கணும்" என்கிறாள் உன் அம்மா. இத்தனை வருஷமும் அவள் வழியாகத்தான் போய் வந்தது இந்தப் பேச்சு. நவம்பர், டிசம்பர், இப்போது பிப்ரவரி என்று எண்ணிப் பார்த்தேன். மாதத்தில் மூன்று நாள் நீ போன் எடுப்பதில்லை. உன்னை வேவு பார்த்ததாக நினைக்காதே. வீட்டுக் காலண்டரில் பால் கணக்குப் பக்கத்தில் உன் அம்மா "பாப்பா பேசலை" என்று குறித்து வைக்கிறாள், அதைத்தான் பார்த்தேன்.

நம் தெருவில் முதல் ஆடிட்டர் நீ. ஒரு செலவை இரண்டு பேரில் எழுதி வைத்திருந்தால் ஒரு பார்வையில் பிடித்துவிடுவாய் என்று உன் ஆபீசில் சொன்னதாக நீயே சொல்லியிருக்கிறாய், அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா. அப்படிப்பட்டவள் இதை எப்படி விட்டாய்? மெஃபெனமிக் ஆசிட்டும் ஐபுப்ரோஃபெனும் வேறு வேறு பெயரில் வரும் ஒரே குடும்பம், ஆஸ்பிரின் வகை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் வலி கூடுதலாகக் குறையாது, வயிற்றுப் புண்தான் கூடும். தலைவலிக்கு என்று தனியாகப் பாரசிட்டமால் 650 ஒன்று போட்டிருந்தால், இரண்டாவது அட்டையிலேயே பாரசிட்டமால் இருக்கிறதே, அதுவும் இரட்டைக் கணக்கு. ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில்கூட அது ஒளிந்திருக்கும். பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைப் பார்க்காதே. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படி. கடைப் பையன்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். பெற்ற பிள்ளைக்குச் சொல்லவில்லை.

டிப்ளமோ படித்த காலத்தில் எங்கள் சார் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. கருப்பையின் உள்சவ்வு உதிரும்போது ப்ராஸ்டாகிளான்டின் என்று ஒன்று உண்டாகிறது. அது கருப்பையைப் பிடித்து முறுக்குகிறது, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி. ஆஸ்பிரின் வகை மருந்துகள் அந்தச் சரக்கு உற்பத்தி ஆவதையே தடுக்கின்றன என்று 1971-ல் ஜான் வேன் என்பவர் கண்டுபிடித்துக் காட்டினார், 1982-ல் நோபல் பரிசு வாங்கினார். அதாவது, ஏற்கெனவே உண்டாகிவிட்டதை மாத்திரை ஒன்றும் செய்யாது. வலி தாங்காமல் சுருண்ட பிறகு போட்டால் லேசில் கேட்காது. கேட்கவில்லையே என்று ஒரு மணி நேரத்தில் இன்னொன்று, பிறகு வேறு பெயரில் இன்னொன்று. நீ அப்படித்தான் போடுகிறாய் என்று எனக்குத் தெரியும், உனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிற பழக்கம் சின்னதிலிருந்தே. பல்லைக் கடிக்காதே தாயி. அடிவயிற்றில் முதல் இழுப்பு இழுக்கும்போதே போடு. சாப்பிட்டுவிட்டுப் போடு. இட்லி இறங்கவில்லையா, ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் மோர், ஏதாவது. வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம்.

அதே சரக்குதான் குடலுக்கும் இரைப்பைக்கும் மேல்பூச்சு மாதிரி காவல் இருக்கிறது, கிட்னிக்கு ரத்தம் போகிற குழாயையும் திறந்து வைக்கிறது. வலியை நிறுத்தும் மாத்திரை அந்தக் காவலையும் சேர்த்து நிறுத்திவிடும். பெரியத்தை மூட்டுவலிக்குப் போட்டதும் இந்தக் குடும்பத்து மாத்திரைதான், காலையில் காப்பிக்கு முன்னால். ஆடிட்டுக்குப் போகிற இடத்தில் பாத்ரூம் சரியில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதாக அம்மாவிடம் சொன்னாயாமே. இந்த மாத்திரை போடுகிற நாளில் அப்படி இருக்கவே கூடாது.

ஏதாவது ஒன்று போதும். ஐபுப்ரோஃபென் 400 என்றால் சாப்பிட்டுவிட்டு ஒன்று, அடுத்தது ஆறு முதல் எட்டு மணி நேரம் கழித்து. டாக்டர் சொல்லாமல் ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் தாண்டக்கூடாது. அதாவது மூன்று. உன் இரண்டாவது அட்டையில் ஒவ்வொரு மாத்திரையிலும் 400 இருக்கிறது, பார்த்துக்கொள். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். வயிறு எரிகிற இந்தச் சமயத்தில் எனக்கு அதுகூட வேண்டாம், டாக்டரைப் பார்க்கும்வரை பாரசிட்டமால் மட்டும் போடு. இந்த வலிக்கு அது கொஞ்சம் மட்டுதான், ஆனால் இரைப்பையைக் கடிக்காது. 650 என்றால் ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நாலுக்கு மேல் போகாதே. பிடிப்பைத் தளர்த்துகிற டைசைக்ளோமின் போட்டால் வாய் வறளும், கண் மங்கும், தூக்கம் சொக்கும். போட்டுவிட்டு ஸ்கூட்டர் எடுக்காதே.

உனக்கு ஆறு வயதில் வீசிங் வந்து விருதுநகரில் மூன்று ராத்திரி புகை வைத்தது மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. வீசிங் உள்ளவர்களில் சிலருக்கு இந்த மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாது. நெஞ்சு இறுக்குவது மாதிரி இருந்தால் அடுத்ததைத் தொடாதே, டாக்டரிடமும் அதை முதலில் சொல். காய்ச்சலும் உடம்புவலியும் சேர்ந்து வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுப்ரோஃபெனும் கூடாது, மெஃபெனமிக்கும் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். 2023 நவம்பர் கடைசியில் மருந்துகளைக் கண்காணிக்கிற அரசாங்க அமைப்பான இந்தியன் ஃபார்மகோபியா கமிஷனிலிருந்து மெஃபெனமிக் ஆசிட் பற்றி ஓர் எச்சரிக்கை வந்தது. அபூர்வமாகச் சிலருக்குக் காய்ச்சல், தோல் தடிப்பு, நெறிகட்டு என்று ஆரம்பித்து உள்ளுறுப்புவரை போகிற ஒவ்வாமை, மாத்திரை போட்ட உடனே இல்லை, வாரக்கணக்கில் கழித்துக்கூட வரும் என்று. தோலில் தடிப்போடு காய்ச்சல் வந்தால் இந்த மாத்திரையின் பெயரை டாக்டரிடம் சொல்ல வேண்டும். மலம் தார் மாதிரிக் கறுத்துப் போனால், வாந்தி காப்பித்தூள் நிறத்தில் வந்தால், எனக்குப் போன் பண்ணிக்கொண்டு நிற்காதே, நேராக ஆஸ்பத்திரி. அத்தை இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

சாப்பிட்டுவிட்டுப் போடு, சொல்லிவிட்டேனா? சொல்லிவிட்டேன். மறுபடியும் சொல்கிறேன்.

இதையெல்லாம் எழுதிவிட்டு நேற்று ராத்திரி படித்துப் பார்த்தேன். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற யாருக்கோ சொல்கிற மாதிரி இருந்தது. உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு.

நீ பத்தாவது படிக்கும்போதிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஃப்ரிட்ஜ் மேல் ஒரு கவர் இருக்கும். "அவளுக்கு வயித்து வலி" என்று உன் அம்மா போனில் சொல்வாள், நான் கடையிலிருந்து கவர் போட்டுக் கொண்டுவந்து வைப்பேன். காலை, மதியம், இரவு என்று கோடு போட்டு எழுதுவேன். உன் பெயரை எழுதமாட்டேன். நீ எடுத்துக்கொள்வாய். நீயும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மெஃபெனமிக் அட்டையில் சிவப்புக் கோடு இருக்கும், டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்து என்று அர்த்தம். ஊராருக்குச் சீட்டு கேட்டிருக்கிறேன், எல்லா நேரமும் இல்லை, பல நேரம் கேட்டிருக்கிறேன். உனக்கு எட்டு வருஷம் சீட்டில்லாமல் கொடுத்தேன். என் மகளுக்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது என்று அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

2015-ல் நீ பிளஸ் டூ ப்ராக்டிகலில் மயங்கி விழுந்தாயே, அன்று ராத்திரி உன் அம்மா என்னிடம் கேட்டாள். மதுரையில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டலாமா என்று. நான்தான் வேண்டாம் என்றேன். உனக்கு இது தெரியாது. கல்யாணம் ஆகாத பிள்ளையை அந்த டாக்டரிடம் கூட்டிப்போனால் பார்க்கிறவன் என்ன பேசுவான் என்றேன். இங்கே எந்த டாக்டர் வீட்டுக்குப் போனாலும் என்னைத் தெரியும், எனக்குத்தான் கூச்சம். "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்றும் சொன்னேன். கவுன்டரில் நின்ற பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதைக் கேட்டு அதையே திருப்பிச் சொன்னேன். மருந்து படித்தவன் பேசுகிற பேச்சா அது? மாத்திரை போட்டதும் நீ சத்தமில்லாமல் படுத்திருப்பாய். சத்தமில்லை என்றால் வலி இல்லை என்று நானாக எடுத்துக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை தாயி. எப்படி எழுதினாலும் சின்னதாக இருக்கிறது.

இப்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மாதாமாதம் வருகிற சாதாரண வலி ஒரு மாத்திரைக்கும் வெந்நீர் ஒத்தடத்துக்கும் பெரும்பாலும் அடங்கிவிடும். சரியாகப் போட்டும் அடங்காத வலி, வருஷத்துக்கு வருஷம் கூடுகிற வலி, அந்த நாட்கள் முடிந்த பிறகும் விடாத வலி, பாத்ரூம் போகும்போது கத்தி இழுப்பது போன்ற வலி, இவையெல்லாம் மாத்திரையோடு முடிகிற விஷயம் இல்லை. கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே ஒட்டி வளர்கிற எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம், கட்டி இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். நிறையப் பெண்களுக்கு அது இன்னதென்று தெரியவே பல வருஷம் ஆகிவிடுகிறது, என்னைப் போன்ற அப்பாக்களாலும்தான். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தால் "சும்மாதான்" என்று திரும்பி வந்துவிடாதே. எண்டோமெட்ரியோசிஸ் சாதாரண ஸ்கேனில் தெரியாமலும் போகும். எந்த வயதில் ஆரம்பித்தது, எத்தனை நாள், எத்தனை மாத்திரை, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. கணக்கு எழுத உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா.

ஜாதகம் பார்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லிவிட்டேன் உன் அம்மாவிடம். அவளுக்கு வருத்தம்தான். சின்னத்தை போன் பண்ணி "கல்யாணம் பண்ணிவச்சா எல்லாம் சரியாகும்" என்று அவளிடம் பேசினால், அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

பெங்களூரில் டாக்டர் பார்க்க நாள் குறித்தால் சொல். அப்பா வரவேண்டாம் என்றால் வரமாட்டேன், அம்மா வருவாள். வரலாம் என்றால் நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். உள்ளே கூப்பிட்டாலும் வருவேன்.

உனக்குப் பேசக் கூச்சமாக இருந்தால் ஒன்றும் பேச வேண்டாம். பையில் இருக்கிற அட்டைகளை இரண்டு பக்கமும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. அம்மாவுக்கு இல்லை, எனக்கு. எழுத்துத் தெரிகிற மாதிரி எடு.

பார்சலில் அடியில் ரப்பர் வெந்நீர்ப் பை வைத்திருக்கிறேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதே, முக்கால் பாகம் போதும், காற்றை வெளியேற்றிவிட்டு மூடு. துண்டில் சுற்றித்தான் வயிற்றில் வைக்க வேண்டும். மேலே ஒரு கவரும் இருக்கும். அதில் மாத்திரை இல்லை, ஆட்டோவுக்கும் டாக்டர் ஃபீஸுக்கும் பணம். இந்தத் தடவை உன் பெயர் எழுதியிருக்கிறேன்.

அப்பா