சிவந்த சக்கரம்

அம்பாசமுத்திரம்
ஐப்பசி 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பிசான நடவு, நடுவில் மழை, அதற்கு நடுவில் என் மூட்டுவலி என்று பதில் தள்ளிப்போய்விட்டது. நடவு முடிந்துவிட்டது, மூட்டுவலி முடிந்தபாடில்லை.

பேரனின் கார்ப் பந்தய விளையாட்டில் பிரேக் பிடித்தால் சக்கரத்துக்குள் அடுப்புக் கங்கு போலச் சிவக்கிறது, இது வெறும் ஜிகினா வேலைதானே என்று கேட்டிருக்கிறாய். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் பிரேக் பார்த்தவன் சொல்கிறேன், அவனிடம் ஏதாவது பந்தயம் கட்டியிருந்தால் பணத்தை எடுத்து வை. அது நிஜம்.

வேகத்தை வாங்கிச் சூடாக மாற்றுவதுதான் பிரேக்கின் வேலை. 1,300 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 250 கிலோமீட்டரில் வந்து 90-க்கு இறங்குகிறது என்று வை. அதில் பிறக்கும் சூட்டைக் கொண்டு 9 லிட்டர் தண்ணீரைக் கொதி வரும்வரை காய்ச்சிவிடலாம். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், இன்ஜின் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் மூன்று நான்கு வினாடிக்குள் சக்கரத்தோடு சுழலும் நான்கு டிஸ்க்குகளில், அதாவது பிரேக் கவ்விப் பிடிக்கும் வட்டத் தகடுகளில், போய் இறங்குகிறது. அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். சிவக்காமல் என்ன செய்யும்? வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. அதனால்தான் நம் தெருவில் ஓடுகிற கார்கள் சிவப்பதில்லை.

நாம் அரிவாள் அடிக்கக் கொடுக்கப் போவோமே, அந்தக் கொல்லன் பட்டறை நினைவிருக்கிறதா? பட்டப்பகலிலும் இருட்டாகவே வைத்திருப்பார். கஞ்சத்தனம் என்று நீ சொல்வாய். இரும்பு 500 டிகிரியைத் தாண்டும்போதுதான் மங்கிய சிவப்பு காட்டத் தொடங்கும், அதுவும் இருட்டில்தான் தெரியும். அதையே வெயிலில் தூக்கிப் பிடித்தால் கறுப்பு இரும்பு, தொட்டால் தோல் உரிந்துவிடும். நிறம் பார்த்துத்தான் அவர் சம்மட்டியை ஓங்குவார். பந்தயக் காரும் அப்படித்தான். பகலிலும் அதே சூடுதான், இரவில்தான் நம் கண்ணுக்குப் பிடிபடுகிறது. பிரான்சில் லெ மான் என்ற ஊரில் 1923 முதல் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தின் இரவுப் படங்களைப் பேரனிடம் காட்டச் சொல். அங்கே ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே நேர்ச்சாலை இருந்தது. வேகம் கட்டுமீறிப் போகிறதென்று 1990-ல் நடுவில் இரண்டு இடத்தில் நெளிவு வைத்தார்கள். அந்தச் சாலையின் முடிவில் ஒருதரம் அழுத்திய பிரேக்கை இப்போது மூன்றுதரம் அழுத்த வேண்டும். ஃபார்முலா ஒன் கார்களில் இரும்புகூட இல்லை, கார்பன் டிஸ்க். ஆயிரம் டிகிரியைத் தாண்டினாலும் தாங்கும். ஆறிக் கிடந்தால் சரியாகப் பிடிக்காது. வேடிக்கையான சாமான்!

விளையாட்டைச் செய்தவர்கள் யோக்கியர்களா என்று நீயே பார்த்துவிடலாம். பிரேக் பிடித்தால் வண்டியின் பாரம் முன்னால் சாயும், முன்சக்கரத்துக்குத்தான் வேலை அதிகம். ஆகவே முன்சக்கரம் கூடுதலாகச் சிவக்க வேண்டும். காலை வைத்த மாத்திரத்தில் பல்பு போல எரியக்கூடாது. சிவப்பு மெல்ல ஏறி, காலை எடுத்த பிறகும் சற்று நின்று, மெல்ல அணைய வேண்டும். நான்கும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தால் ஏமாற்று.

நம் பஸ்ஸில் ஏன் பார்த்ததில்லை என்று கேட்பாய். டிரம் என்கிற வார்ப்பிரும்புக் குடத்துக்குள் ஒளிந்துகொள்கிற சூட்டைக் கண்ணால் பார்க்க முடியாது, மூக்குதான் சொல்லும். மாஞ்சோலையிலிருந்து இறங்கினோமே, ஒரு புது டிரைவர் கியரை நம்பாமல் பிரேக்கையே நம்பி வந்தாரே? பத்து டன் வண்டி ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெளிவரும் சூடு, அந்தப் பந்தயக் கார் ஒருதரம் பிரேக் பிடிப்பதைப்போல முப்பது மடங்குக்கு மேல். சின்ன கியரில் வந்தால் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். அவர் அத்தனையையும் டிரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் லைனிங் தலையில் கட்டினார். சூட்டில் டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலக விலக, பெடல் கீழே கீழே போயிற்று. மணிமுத்தாறு அணைப் பக்கம் ஒருவழியாக நிறுத்தியபோது கருகல் வாடை குடலைப் பிடுங்கியது. நீ என்ன செய்தாய்? வாளியோடு தண்ணீர் ஊற்ற ஓடிவந்தாய். நான் கெட்ட வார்த்தையில் கத்தியதற்கு இன்றுவரை கோபம் உனக்கு. ஊற்றியிருந்தால் வார்ப்பிரும்பு பிளந்திருக்கும், அப்பனே.

அந்த டிரம்மைக் கழித்துப் போட்டபோது நான் வாங்கி வந்துவிட்டேன். பின்கட்டில் கொடிக்கம்பு நட்டு வைத்திருக்கிறேன். உள்பக்கம் அங்கங்கே நீலம் பாய்ந்து, மயிரிழை மயிரிழையாக விரிசல் ஓடியிருக்கும். விடுமுறைக்குப் பேரனை அழைத்து வா, கம்பைப் பிடுங்கிக் காட்டுகிறேன். அதற்குமுன் முன்சக்கரமா, நான்குமா என்று பார்த்து எழுது.

உன்
மச்சான்