ஹெட் மாறினால் எஞ்சினே மாறிவிட்டதா? பழமை வாகனங்களை ஆய்வு செய்யும் போக்குவரத்துத் துறை அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தத்தின்படி, 50 ஆண்டு கடந்த வண்டி 'விஏ' எழுத்துள்ள பதிவெண் பெற அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் மாற்றப்பட்டிருக்கக் கூடாது. பழைய கூட்டுக்குள் டீசல் எஞ்சினை இறக்கிவிட்டு 'வின்டேஜ்' என்று கொண்டுவருவோரைத் தடுக்க இது வேண்டியதுதான். எங்கள் கவலை வேறு. ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல் பூட்டும் மூடி. அசல் ஹெட்டுக்குப் பதிலாக, வால்வுகள் மேலேயே அமைந்த ஓவர்ஹெட் வால்வு ஹெட் பூட்டிய ஃபோர்டு மாடல் ஏ (1920களின் கடைசியில் வந்த கார்) வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?

அந்த ஹெட் அந்தக் காலத்துப் பொருளே. அதற்கு முந்தைய மாடல் டி காருக்கு ஷெவர்லே சகோதரர்கள் ஃபிரான்டெனாக் ஹெட் செய்தார்கள். அமெரிக்காவின் ரசீன் நகரில் ஜோ யாகர்ஸ்பெர்கர் ராஜோ ஹெட் செய்தார். 1923 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஃபிரான்டெனாக் ஹெட் போட்ட ஃபோர்டு ஐந்தாவதாக வந்தது. மாடல் ஏ காருக்கு ரைலி, மில்லர்-ஷோஃபீல்டு, கிராகர் என்று வந்தன.

மாடல் ஏ எஞ்சின் சுமார் 3.3 லிட்டர்; நிமிடத்துக்கு 2,200 சுற்றில் 40 குதிரைத்திறன்; கம்ப்ரஷன் (கலவையை அழுத்தும் விகிதம்) 4.22:1. வால்வுகள் பிளாக்கில் (எஞ்சினின் அடி வார்ப்பில்), சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கின்றன. மாற்று ஹெட் போடும்போது அவற்றையும் ஸ்பிரிங்குகளையும் எடுத்துவிட்டு, வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் மேல் புஷ்ராடு என்ற நீளத் தண்டை நிறுத்தி, ஹெட்டிலுள்ள ராக்கர் என்ற நெம்புகோல் வழியே வால்வைத் திறக்க வைப்பார்கள். பிளாக்கின் பக்கத்திலுள்ள பழைய போர்ட்டுகளுக்கு (காற்றும் புகையும் போகும் வாய்களுக்கு) தகடு போட்டு மூடிவிடுவார்கள். கேம் ஷாஃப்ட், கிராங்க், கியர்பாக்ஸ் எல்லாம் இருந்தபடியே இருக்கும். எஞ்சின் நம்பரும் ஹெட்டில் இல்லை; பிளாக்கின் இடப்பக்கம், தண்ணீர் நுழையும் வாய்க்கு மேலுள்ள திட்டில் இருக்கிறது.

ஆகவே ஹெட்டைப் பார்த்ததும் நிராகரிக்காமல் பிளாக்கைப் பாருங்கள். வால்வு உட்காரும் பழைய சீட்டைக் கடைந்திருக்கிறார்களா? வால்வுத் தண்டு ஏறி இறங்கும் கைடு துளையைப் பெரிதாக்கியிருக்கிறார்களா? இல்லையென்றால் அசல் ஹெட்டையும் வால்வுகளையும் மறுபடி பூட்டிவிடலாம். கடைந்திருந்தால் அது எஞ்சின் மாற்றம்தான். அதற்கு நாங்கள் வாதாட மாட்டோம்.

உண்மையில் ஆபத்து எங்கே என்றால், அடியில். மாடல் ஏ கிராங்கைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். உருக்கி ஊற்றிய ஒயிட் மெட்டல் என்ற மென்மையான உலோகக் கலவை. கிராங்கில் எதிர் எடை கிடையாது. ஆயில் பம்பு வால்வு அறைக்கு ஏற்றிவிடும் ஆயில் அங்கிருந்து தானாக மெயின் பேரிங்குகளுக்கு இறங்குகிறது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளுக்கோ சம்ப்பில் (அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) தெறிப்பதுதான் கதி. புது ஹெட் நன்றாக மூச்சுவிடுவதால் ஓட்டுநர் 3,000 சுற்றுக்கு ஏற்றிவிடுவார். 2,200-லிருந்து அங்கே போகும்போது பிஸ்டன், ராடுகளின் இழுவிசை ஏறக்குறைய 1.9 மடங்காகிறது. நடு பேரிங்கின் ஒயிட் மெட்டல் விரிசல் விட்டு உதிரும். பிறகு ராடு தட்டும். பாதிச் சுமையில் கேட்கும் 'டக்-டக்' சத்தத்தை வால்வு சத்தம் என்று யாரும் சமாளித்தால் ஏற்காதீர்கள். சம்ப்பைக் கழற்றச் சொல்லுங்கள்.

ராக்கர்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்டும் கவனிக்க வேண்டிய இடம். அசல் எஞ்சினில் ஹெட்டுக்கு ஆயில் லைனே கிடையாது. வெளியிலிருந்து ஒரு குழாய் வர வேண்டும், அல்லது கையால் ஆயில் விட வழி வேண்டும். விட்ட ஆயில் சம்ப்புக்குத் திரும்பவும் பாதை வேண்டும். மாடல் ஏ-யில் டிஸ்ட்ரிபியூட்டரும் தண்ணீர் பம்பும் ஹெட்டில்தான் பூட்டப்பட்டிருக்கும். மாற்று ஹெட்டில் அவற்றுக்குச் சரியான இடம் இருக்கிறதா, பட்டறையில் இரும்புப் பட்டையை வெல்டு செய்து ஒப்பேற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். நம் ஊரில் இன்னொன்று: ஸ்டீயரிங் வலப்பக்கம், காற்றும் புகையும் போகும் மேனிஃபோல்டும் அதே பக்கம். இடது ஸ்டீயரிங் காருக்கென வார்த்த ஹெட் என்றால், எக்ஸாஸ்ட் குழாய் ஸ்டீயரிங் தண்டை உரசாமல் போகிறதா என்று சக்கரத்தை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

பிரேக்கையும் விட்டுவிடக் கூடாது. நான்கு சக்கரத்திலும் 11 அங்குல டிரம், கம்பி இழுத்துப் பிடிக்கும் மெக்கானிக்கல் பிரேக். அது 40 குதிரைத்திறனுக்கு அளந்து வைத்தது. மாற்று ஹெட் வண்டிக்கு நிறுத்தும் தூரத்தை ஓட்டியே பாருங்கள். நான்கு சக்கரமும் சமமாகப் பிடிக்காவிட்டால் சரிசெய்து வரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

நாங்கள் கேட்பது இதுதான். பிளாக் வெட்டப்படாமல், அந்தக் காலத்து ஹெட் பூட்டியிருந்தால் 'அசல் வடிவம்' என்று ஏற்று, ஹெட்டின் பெயரை ஆர்.சி.யில் குறியுங்கள். இப்போது புதிதாக வார்த்த நகல் ஹெட் என்றால் அதையும் 'நகல்' என்றே எழுதுங்கள். பழையது என்று சொல்லி விற்பதை அது ஒன்றே தடுக்கும். கழற்றிய அசல் ஹெட்டை உரிமையாளர் ஆய்வு நாளில் கொண்டுவந்து காட்ட வேண்டும், வண்டி கைமாறும்போது அதுவும் கூடவே போக வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். அதற்குக் கட்டுப்பட நாங்கள் தயார்.

இப்படிக்கு,
பழைய எஞ்சின்களில் வேலை செய்வோரும் அவற்றை வைத்திருப்போரும்