பாடாங் செராய் மக்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஆண்டு முடியும் இந்த வாரத்தில், நிர்வாக இயக்குநர் என்ற முறையில் பங்குதாரர்களுக்கு அறிக்கை எழுதுவது என் வழக்கம். இவ்வாண்டு அவர்களுக்கு முன்னதாக உங்களுக்கு எழுதுகிறேன். தீவிபத்துக்குப் பின் நேற்றுதான் எங்கள் ரப்பர் உதிரிப்பாகத் தொழிற்சாலையின் அழுத்த இயந்திரங்கள் மீண்டும் சூடேறி, முதல் தொகுதி ரப்பர் புஷ்கள் (அதிர்வு தாங்கும் உருளைகள்) வெளியே வந்தன. அந்த நிம்மதி ஆறுவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. தீப்பிடித்த அன்றிரவு நடந்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. உங்களில் பாதிப் பேர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தீர்கள். மீதிப் பேர் உள்ளேயே வந்துவிட்டீர்கள்.

தீயணைப்பு மீட்புப் படையினர்க்கும், விடிய விடியத் தேநீரும் நாசி லெமாக் பொட்டலங்களும் கொண்டுவந்து கொடுத்த கம்போங் (கிராமத்து) அண்டை வீட்டாருக்கும், மறுநாள் சமையற்கூடத்தையே எங்களுக்குத் திறந்துவிட்ட கோயில் நிர்வாகத்தினர்க்கும், தம் சொந்த வேலையை நிறுத்தி இரண்டு அழுத்த இயந்திரங்களை இரவு வேளைகளில் எங்களுக்கு ஒதுக்கித் தந்த பக்கத்துத் தொழிற்சாலை முதலாளிக்கும் (அவர் எங்களுடைய போட்டியாளர் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்), பாக்கித் தொகையைக் கேட்காமல் மூலப்பொருள் அனுப்பிய வணிகர்களுக்கும், விடுதிக்குத் திரும்பாமல் சாம்பலை வாரிய நேப்பாள, வங்காளதேச, உள்ளூர்த் தொழிலாளர்கள் அனைவர்க்கும் எங்கள் நிறுவனம் கடமைப்பட்டிருக்கிறது. ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

ஆனால், ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டும். தம் பெயரைப் போடக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அவரை எதிர்லயத்து அம்மா என்றே குறிப்பிடுகிறேன் (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்). எழுபது வயதைக் கடந்தவர். பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்து, ஓய்வு பெற்றவர். எங்கள் நிறுவனத்தோடு அவருக்கு எந்தத் தொடர்பும் இல்லை. அவர் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ எங்களிடம் வேலை செய்யவுமில்லை.

ரப்பர் உதிரிப்பாகத் தொழிலில் இயந்திரத்தைவிட மோல்டு என்னும் உருக்கு அச்சுதான் பெரிய சொத்து. இயந்திரம் எரிந்தால் காப்புறுதிப் பணத்தில் இன்னொன்று வாங்கலாம். அச்சு போனால், வரைபடத்திலிருந்து தொடங்கி, கடைந்து, மெருகேற்றி, சோதித்து முடிக்கப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் வாடிக்கையாளர் வேறு நாட்டுக்குப் போய்விடுவார். மேலும், எங்களிடம் உள்ள அச்சுகளில் பெரும்பாலானவை வாடிக்கையாளர்களுக்குச் சொந்தமானவை. நாங்கள் பாதுகாவலர்கள் மட்டுமே. அன்று அச்சு அறைக்குள் தீ புகவில்லை; புகையும் தண்ணீரும் புகுந்தன. மின்கம்பிகளின் பிவிசி உறை எரிந்த புகையில் அமிலம் உண்டு. அது ஈரத்தோடு சேர்ந்தால் உருக்கு இரவோடு இரவாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். அச்சின் உட்குழியில் ஊசிமுனை அளவு துரு விழுந்தாலும் அந்தத் தழும்பு ஒவ்வொரு சீலிலும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பதியும். தழும்பு விழுந்த சீல் ஒழுகும். அன்று வியாழக்கிழமை இரவு. எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் வார விடுமுறை. எங்கள் துருத்தடுப்பு எண்ணெய் முழுவதும் எரிந்துபோயிருந்தது. புதியது பட்டர்வொர்த் நகரிலிருந்து வர மறுநாள் மாலை ஆகும் என்றார்கள்.

நாங்கள் தொலைபேசியில் அலைந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், எதிர்லயத்து அம்மா ஒரு வாளியில் சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டுகளும் தோளில் பழைய கைலித் துணிகளுமாக உள்ளே வந்தார். இரண்டு வெள்ளி (ரிங்கிட்) ஐம்பது காசுக்கு விற்கும் ஒரு கிலோ அரசு உதவித்தொகை (மானிய) எண்ணெய். அதையும் ஒருவருக்கு இத்தனை என்றுதான் கடையில் கொடுப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். லயத்தில் வீடு வீடாகத் தட்டிச் சேர்த்திருக்கிறார். யாரையும் கேட்காமல் ஓர் அச்சின் முன் உட்கார்ந்து, முதலில் ஈரத்தை ஒற்றி எடுத்து, பிறகு எண்ணெயில் நனைத்த துணியை விரலில் சுற்றிக் குழி குழியாகத் துடைக்கத் தொடங்கினார். எங்கள் பொறியாளர் தயங்கியபோது, “பால்மரம் வெட்டுற உளிய ஈரத்தோட வெச்சா காலையில துரு ஏறிக்கும், மரத்துல காயம் விழும். இதுவும் இரும்புதானே தம்பி?” என்றார். அதன் பிறகு நாங்கள் எல்லாரும் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் லயத்துப் பெண்கள் இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். விடிவதற்குள் அச்சு அறை முழுவதும் வடைச்சட்டி வாசம்.

சமையல் எண்ணெய் நாள்பட்டால் பிசினாக இறுகிவிடும் என்பதால், உரிய எண்ணெய் வந்ததும் அனைத்தையும் கழுவி மாற்றினோம். எந்தப் பொறியியல் நூலும் இந்த முறையைப் பரிந்துரைக்காது. ஆயினும், அந்த ஓர் இரவுக்கு அது போதுமானதாக இருந்தது. நேற்று ஓடத் தொடங்கிய அச்சுகள் அன்று துடைக்கப்பட்டவைதான்.

துடைத்துக்கொண்டே அவர் கேட்டார், இந்த ரப்பர் எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது என்று. பெரும்பகுதி தாய்லாந்திலிருந்து வருகிறது என்றேன். 1980களின் இறுதி வரை உலகிலேயே அதிகமாக இயற்கை ரப்பர் விளைவித்த நாடு நம் மலேசியா. அந்த மரங்களை வெட்டிய கையோடுதான் அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் வெட்டிய நிரைகளில் இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை) நிற்கிறது. பிறகு, பேச்சு அவருடைய தகப்பனார் பக்கம் திரும்பியது. பெருந்தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல் ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தகப்பனார் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினாராம். சங்கம் வாங்கிய முதல் தோட்டம், புக்கிட் சிடிம், இதே கெடாவில்தான் இருக்கிறது. “நம்ம தோட்டம்னு சொல்லிக்கிறதுக்காகவே வயித்தக் கட்டிக் கட்டுனாரு” என்றார்.

அந்தச் சொல் என்னை விடவில்லை. எங்கள் தொழிற்சாலையில் ஒரு காசும் பங்கில்லாதவர் அந்த இரவில் அதைக் காத்திருக்கிறார். இருபது ஆண்டு உழைத்த எங்கள் தொழிலாளர்க்கும் அதில் பங்கு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இவ்வாண்டின் (2025) மற்றக் கணக்கைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிப்ரவரியில் குறைந்தபட்ச ஊதியம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளிக்கு உயர்ந்தது. ஜூலையில் விற்பனை, சேவை வரி விரிவடைந்தது. ஆகஸ்டில் அமெரிக்கா 19 விழுக்காடு வரி விதித்தது. அக்டோபர் முதல் அந்நியத் தொழிலாளர்களுக்கும் சேமநிதியில் 2 விழுக்காடு செலுத்துகிறோம். முதலாளிகள் கூட்டங்களில் ஊதிய உயர்வை ஒரு பேரிடர் போலப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்றைய விலைவாசியில் 1,700 வெள்ளியில் ஒரு குடும்பத்தை நடத்திக் காட்டட்டும், பிறகு பேசலாம். இலாபம் இவ்வாண்டு இல்லை. அடுத்த ஆண்டின் முற்பாதியிலும் எதிர்பார்க்கவில்லை.

தொழிற்சாலையைப் பெரிய தொழிற்பேட்டைக்கு மாற்றும் யோசனையைக் கைவிட்டோம். இங்கேயே, இதே மனையில், தனிச் சுவரும் தனிக் கதவும் கொண்ட அச்சு அறையைத் தரையிலிருந்து உயர்த்திக் கட்டுகிறோம். ஐந்தாண்டுக்கு மேல் பணியாற்றியவர்கள் மாதத் தவணையில் நிறுவனப் பங்குகளை வாங்க வழிசெய்யும் திட்டத்தை வழக்கறிஞரும் கணக்காய்வாளரும் வகுத்து வருகிறார்கள். பங்கு வாங்க இயலாத அந்நியத் தொழிலாளர்க்கு அதற்கு ஈடாக ஊக்கத்தொகை வழங்கப்படும். பொங்கலுக்குப் பின் தொழிலாளர் கூட்டத்தில் முழு விவரத்தையும் வைப்பேன். தவணை மாதம் பத்து வெள்ளியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்துவிட்டேன். கணக்காய்வாளர் அவ்வளவு சிறிய தொகைக்குப் பதிவேடு வைப்பது வீண்செலவு என்கிறார், வைக்கத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நன்றியுடன்,
நிர்வாக இயக்குநர்