1927க்கு எடுங்கோ அம்மா

அன்புள்ள மச்சான் சிவா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே மழை விட்டுவிட்டது. திருகோணமலை உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளை இன்னும் காணவில்லை.

போதைப்பொருள் ஒழிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். 2025 ஒக்டோபரில் ஜனாதிபதி 'முழு நாடுமே ஒன்றாக' என்ற போதை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதற்கு முன் 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பொலிஸ் நடவடிக்கை வந்தது. ஆட்களை ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போக, ஐ.நா. நிபுணர்களே கண்டித்தார்கள். சட்டத்திலும் குறைவில்லை. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 5 கிராம் ஐஸ் போதைப்பொருளுக்கே மரண தண்டனை அல்லது ஆயுள். ஆனால் 1976க்குப் பிறகு இங்கே ஒருவரையும் தூக்கிலிடவில்லை என்பது விற்கிறவனுக்கும் தெரியும்.

கடற்படை வள்ளங்களை மறித்துப் பிடிப்பதை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கு உறுத்துவது வேறு. போன மாதம் சனசமூக நிலையத்தில் கூட்டம். பொலிஸ், கிராம சேவகர் எல்லாரும் பேசி முடிய, பின்வரிசையில் ஒரு தாய் எழும்பினார். மகன் மீன்பிடித் தொழில். இரவில் நித்திரை வராமலிருக்க யாரோ கொடுத்ததில் தொடங்கியது. இப்போது கிணற்று மோட்டரையும் கழற்றி விற்றுவிட்டான். "பொலிசுக்குச் சொன்னா உள்ளே போடுவியள், அங்க இன்னும் பழகி வருவான். சொல்லாட்டி செத்துப்போவான். நான் ஆரிட்டச் சொல்ல?" என்றார். மேடையில் ஒருவர், "1927க்கு எடுங்கோ அம்மா" என்றார்.

இலக்கம் சரிதான், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையினுடையது. ஆனால் சபையின் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, நிட்டம்புவ, கண்டி, காலி என்று அந்தப் பக்கம். அந்தப் பெடியனை எப்படி பஸ் ஏற்றுவது? கந்தக்காடு புனர்வாழ்வு நிலையம் என்றாலோ தாய்மாருக்கு நடுக்கம். 2022இல் அங்கே ஒருவர் இறந்து, நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினதை மறக்கவில்லை.

என்னைக் கேட்டால், எங்கள் பொது வைத்தியசாலையில் இதற்கென்றே நாலு கட்டில், தமிழில் பேச ஒரு ஆற்றுப்படுத்துநர், பொலிசுக்குத் தகவல் போகாது என்ற உறுதி, இவ்வளவும் முதலில் வேண்டும். வாங்குகிறவன் அப்படியே இருக்க விற்கிறவனை மட்டும் பிடித்தால், விலை கூடும். இன்னும் நாலு மோட்டர் காணாமல் போகும்.

உன் மருமகள் அங்கே இந்த ஆற்றுப்படுத்தும் வேலைதானே செய்கிறாள்? குடும்பத்தாரிடம் முதல் நாளில் என்ன பேசுவார்கள் என்று கேட்டு எழுது. அந்தத் தாய் திங்கட்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
யோகன்